மோனிக்கா பேசாதிருந்த இடங்கள்

   

இச்சொற்பொழிவின் தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் சிலர் சிரித்துக்கொண்டார்கள். அவர்களோடு எனக்குள்ள வழக்கு பழையது. வீட்டாரையும் நண்பர்களையும் விசுவாசத்துக்குக் கொண்டுவருவது எது? விடாமல் எடுத்துச் சொல்வதும் அழுது மன்றாடுவதும்தான் என்பது அவர்கள் கட்சி. அதற்குச் சாட்சியாக அவர்கள் எப்போதும் நிறுத்துவது அகுஸ்தினாரின் தாய் மோனிக்காவை. அன்னையர் தினத்தில் நம் ஆலயங்களில் அவரைப் பற்றிய பிரசங்கம் ஒன்றாவது இருக்கும்; அதில் கண்ணீர் இருக்கும். நான் சொல்வது இதுதான்: மோனிக்கா வென்ற இடத்தில் அவர் பேசவில்லை, பேசிய இடத்தில் அவர் வெல்லவில்லை. சாட்சி மகனே எழுதிய ‘ஒப்புதல்கள்’.

ஒன்பதாம் புத்தகத்தைத் திறந்துகொள்ளுங்கள். இடம், இன்றைய அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என்று வழங்கும் தகாஸ்தே. கணவர் பத்ரீசியுஸ் கிறிஸ்தவர் அல்லர். நல்ல மனம், மூக்கின்மேல் கோபம், மனைவிக்கு உண்மையாக இல்லாத நடத்தை. அவர் கொதிக்கும்போது மோனிக்கா எதிர்த்து ஒன்றும் செய்வதில்லை, ஒரு சொல்லும் சொல்வதில்லை. கோபம் ஆறிய பிறகு, தேவைப்பட்டால், நடந்ததற்குத் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்வார். பத்ரீசியுஸைவிடச் சாந்தமான கணவர்களிடம் அடிபட்டு, முகத்தில் தழும்போடு வரும் பெண்கள், இந்த வீட்டில் ஒருநாள்கூட அடி விழுந்ததாகச் சேதி இல்லையே என்று அதிசயித்தார்களாம். (அடிக்கும் கணவனிடம் பொறுத்துப்போகச் சொல்ல இந்தப் பக்கத்தை எடுத்துக்காட்டும் போதகர்கள் நம்மிடையே உண்டு. நான்காம் நூற்றாண்டு ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு வேறு வழி இல்லாதிருந்ததை இன்றைய பெண்ணுக்குக் கட்டளையாக்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை.)

அடுத்தது மாமியார். வேலைக்காரிகள் கோள் சொல்லி, மாமியார் மனத்தில் மருமகளைப் பற்றிக் கசப்பை ஏற்றிவிட்டார்கள். மோனிக்கா போய் விளக்கம் சொன்னதாக மகன் எழுதவில்லை. பணிவிடையாலும் பொறுமையாலும் கிழவியின் மனம் மாறியது. மாறிய வேகத்தில் மாமியாரே தம் மகனிடம் போய்க் கோள்காரிகளைக் காட்டிக்கொடுக்க, அவர் அவர்களைச் சவுக்கால் அடிக்க வைத்தார். இனி என்னைக் குளிரவைக்க மருமகளைக் குறைசொல்கிறவளுக்கும் இதுதான் கூலி என்றாராம் மாமியார். அதற்குப்பின் அந்த வீட்டில் அமைதி. பிரசங்கங்களில் இந்தச் சவுக்கு வருவதில்லை. எனக்கோ அது முக்கியம். முன்மாதிரி என்பது வெற்றிடத்தில் நடப்பதில்லை. அடிமைகள் உள்ள வீட்டில் ஒருத்தியின் பொறுமைக்கான விலையை வேறு யாரோ முதுகில் வாங்கியிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் எழுதியதால்தான் அகுஸ்தினாரை நான் நம்புகிறேன்.

முடிவு என்ன? பத்ரீசியுஸ் தம் கடைசிக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றார். மகனுக்கு அப்போது 16, 17 வயது. மனைவியின் பேச்சு அல்ல, நடக்கை கணவனை ஆதாயப்படுத்தும் என்று 1 பேதுரு 3ஆம் அதிகாரம் சொல்வதற்கு இதைவிடச் சரியான உதாரணம் திருச்சபை வரலாற்றில் எனக்குத் தெரியாது.

இப்போது மகன். கார்த்தேஜில் படித்து, மானியின் சமயத்தவரான மானிக்கேயரோடு சேர்ந்து திரும்பியவரை, வீட்டில் தங்கவும் தம்மோடு உண்ணவும் தாய் முதலில் விடவில்லை. ஒரு கனவு கண்ட பிறகே சேர்த்துக்கொண்டார். ஓர் ஆயரிடம் போய், மகனோடு வாதாடித் திருத்துங்கள் என்று நச்சரித்தார். அந்த ஆயரே சிறுவயதில் மானிக்கேயரிடம் வளர்ந்தவர். அவனை விட்டுவிடு, அவனுக்காக மன்றாடு, படித்துத் தானே தெளிவான் என்றார். அம்மா விடவில்லை, ஆயருக்கு எரிச்சலே வந்துவிட்டது. 383இல் ரோமுக்குப் புறப்பட்ட மகன், தாயை ஏமாற்றி, அவர் மறைசாட்சி சிப்ரியானின் நினைவிடத்தில் இரவெல்லாம் மன்றாடிக்கொண்டிருந்தபோது கப்பலேறிவிட்டார். அம்மா மிலானுக்குத் தேடிப்போனார்; கல்யாணத்துக்குப் பெண் பார்த்தார். மகனோடு பல ஆண்டு வாழ்ந்து அதெயோதாத்துஸ் என்ற பிள்ளையைப் பெற்ற பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். இத்தனையும் மகனைக் கிறிஸ்துவிடம் ஓர் அடி நகர்த்தியதா? எட்டாம் புத்தகம் வேறு ஆட்களைக் காட்டுகிறது. புகழ்பெற்ற பேராசிரியர் விக்தொரினுஸ் பலர் முன்னிலையில் விசுவாச அறிக்கை செய்த கதையை மூத்த குரு சிம்ப்ளிசியானுஸ் சொல்கிறார். அகுஸ்தினாரின் ஊர்ப்பக்கத்து அதிகாரி பொந்திசியானுஸ் வீட்டுக்கு வந்து, விளையாட்டு மேசைமேல் பவுலின் நிருபங்களைப் பார்த்து வியந்து, பாலைவனத் துறவி அந்தோணியாரின் வரலாற்றைப் படித்துவிட்டு அரசு வேலையை அப்போதே உதறிய இருவரைப் பற்றிச் சொல்கிறார். யாரும் அகுஸ்தினாரிடம் ‘நீ மாறு’ என்று சொல்லவில்லை. தம்மைப் போன்றவர்கள் செய்துகாட்டியதைக் கேட்டு அவர் வெட்கப்பட்டார். 386இல் தோட்டத்தில் மனம் திரும்பியபோது அருகில் இருந்தவர் நண்பர் அலீப்பியுஸ். அகுஸ்தினார் வாசித்த பவுலின் வசனத்துக்கு அடுத்ததைப் படித்து அவரும் உடனே சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் இருவரும் உள்ளே போய் அம்மாவிடம் சொல்கிறார்கள்.

தாயின் கண்ணீருக்கு அகுஸ்தினாரே நன்றி சொல்கிறாரே என்று முன்வரிசை நண்பர்கள் கேட்பார்கள். சொல்கிறார். கடவுள் கேட்டருளிய ஜெபத்துக்கு அந்த நன்றி. ஜெபத்தின் பலனை அளக்க எனக்குத் தகுதி இல்லை. மகனைத் துரத்தித் துரத்திப் பேசியதன் பலனை அளக்க அவர் புத்தகமே போதும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும். தொடக்கக் கிறிஸ்தவம் பரவியதைப் பற்றிச் சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 1996இல் வெளியிட்ட நூலைப் படித்தவர்கள், மதம் உறவு வலைகளின் வழியே பரவுகிறது, தனிமனித முன்மாதிரி என்று தனியாக ஒன்றும் இல்லை என்பார்கள். வலை இருந்தது சரி. மாமியாரும் அதே வலையில்தான் இருந்தார், கோள்காரிகளும் இருந்தார்கள்; ஆனால் மாமியாரின் மனத்தை மாற்றியது வலை அல்ல, மருமகளின் பொறுமை. அதற்குமேல் இதை விரிக்க நேரமில்லை.

நம் பக்கத்துக்கு வந்தால், கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. வைணவக் குடும்பம், சாயர்புரத்தில் தமிழாசிரியர் பணி, 1858இல் ஞானஸ்நானம். அவருடைய பிற்காலத்துக் காவியமான இரட்சணிய யாத்திரிகத்தையே எல்லாரும் பேசுகிறோம். அவருக்கு முன்பே தம்பியும் நெருங்கிய நண்பரும் கிறிஸ்தவர்களாகியிருந்ததைப் பாடநூல்கள் ஒரு வரியில் முடிக்கின்றன. அந்த வரிக்கு ஓர் ஆய்வேடு வேண்டும்.

செய்ய வேண்டியவை வேறும் உண்டு. திருநெல்வேலிப் பழைய சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஒரே வீட்டார் எந்த வரிசையில் சேர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். மருமகள் முதலா, மாமியார் முதலா, எத்தனை ஆண்டு இடைவெளி என்பதைக் குறித்தாலே பாதி வழக்கு தீரும். பாட்டிமாரின் வாய்மொழிகளையும் பதிவு செய்யலாம். மாணவர்களில் யாராவது இதை எடுத்துக்கொள்ளுங்கள். கரையான் முந்திக்கொள்ளுமுன் அந்தப் பதிவேடுகளைப் படமெடுக்க ஆயரகங்கள் அனுமதி தர வேண்டும்.