கரைச்சுவரில் அமர்ந்த தமக்கை



வானொலியில் படம் காட்ட முடியாது. ஆயினும் என் மேசையிலுள்ள அச்சுப்படம் ஒன்றை உங்கள் மனக்கண்முன் விரித்துவைக்க விரும்புகிறேன்.

அகன்றதொரு துறைமுகம். வெளிர்நீல வானம். நீரிலே கட்டடங்களின் நிழல் தளும்புகிறது. வலப்புறத்தில், தாழ்ந்த கற்சுவரின்மீது வெள்ளுடை அணிந்த பெண்ணொருத்தி குடை பிடித்தபடி அமர்ந்திருக்கிறாள். பிரான்சின் லோறியோன் துறைமுகத்தை 1869இல் இவ்வாறு தீட்டியவர் பேர்த் மொறிசோ. அமர்ந்திருப்பவர் அவரது தமக்கை எட்மா.

இருவரும் ஒன்றாகவே ஓவியம் பயின்றவர்கள். பாரிஸ் நுண்கலைக் கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. எனவே தனியாசிரியர்களிடம் கற்றனர். திறந்த வெளியில் நின்று ஒளியைப் பார்த்துத் தீட்டும் பழக்கம் அவர்களுக்கு கொறோ என்ற ஓவியரிடமிருந்து வந்தது. 1864இல் ‘சலோன்’ கண்காட்சியில் இருவரது படங்களும் இடம்பெற்றன. பேர்த்தின் படங்கள் இரண்டும் இயற்கைக் காட்சிகளே.

1869இல் எட்மா கடற்படை அதிகாரியொருவரை மணந்தார். தூரிகையைக் கீழே வைத்தார். அக்கோடையில் தமக்கையைக் காணச் சென்ற தங்கை தீட்டியதே இப்படம். எட்மாவின் முகம் இரண்டொரு தீற்றல்களில் முடிந்துவிடுகிறது. முன்னர் இதனை நான் அவசரம் என்றே எண்ணினேன். இப்போது பார்க்கையில், பரந்த நீரெல்லாம் அவர் கைவிட்ட ஓவியமாகவே எனக்குத் தோன்றுகிறது.

தங்கை கைவிடவில்லை. 1874இல் மொனே, றெனுவார், டெகா முதலியோருடன் முதலாவது மனப்பதிவுவாதக் கண்காட்சியில் பங்குகொண்டார். அவ்வாண்டே ஓவியர் மனேயின் தம்பியை மணந்தார், அதன்பின்னும் தீட்டினார். 1886 வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளில் அவர் தவறவிட்டது ஒன்றே. மகள் பிறந்து சில மாதங்களே கழிந்திருந்த 1879இல் நடந்தது அது.

1895 மார்ச் 2ஆம் திகதி, 54ஆவது வயதில் அவர் காலமானார். மரணச் சான்றிதழில் தொழில் எதுவுமில்லை எனப் பதியப்பட்டது! மறுவருடம் மொனேயும் டெகாவும் றெனுவாரும் கவிஞர் மல்லார்மேயும் கூடி, அவருடைய ஏறத்தாழ நானூறு படைப்புக்களைச் சுவர்களில் மாட்டினார்கள். சான்றிதழுக்கு வேறு பதில் வேண்டுமோ?

நேயர்களே, தூரிகையையோ வீணையையோ மூலையில் வைத்துவிட்ட ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இன்றிரவு அவரிடம் அதுபற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.