புதிது செய்வது யாருடைய வேலை?



இன்று இக்கூட்டத்தில் "மனிதனின் ஆக்கத் திறமை" என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி நமக்குக் கட்டளையிடப்பட்டிருக்கிறது. இத்தலைப்பைக் கேட்டவுடன் உங்களில் பலர், இது புலவர்களுக்கும் சித்திரக்காரர்களுக்கும் பாட்டுக்காரர்களுக்கும் சம்பந்தப்பட்ட சங்கதி, ஏர் உழுகிறவனுக்கும் தறி நெய்கிறவனுக்கும் அடுப்பூதுகிறவளுக்கும் இதில் என்ன வேலை என்று நினைக்கக்கூடும். அப்படி நினைக்கும்படியாகத்தான் நம்மை வெகு காலமாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணம் தப்பு என்பதையும், அத்தப்பினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதையும் எடுத்துக் காட்டுவதே நாம் இன்று செய்யக் கருதியிருக்கும் வேலையாகும்.

முதலாவது, ஆக்கத் திறமை என்றால் என்ன? வெறுங்கையிலிருந்து எலுமிச்சம்பழம் வரவழைப்பதல்ல. அது செப்பிடு வித்தைக்காரன் பிழைப்பு. இருக்கிற ஒன்றைப் பார்த்து, "இது ஏன் இப்படி இருக்கிறது? வேறு மாதிரி இருந்தால் என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்டு, கையினால் செய்து பார்த்து, சரிப்படாவிட்டால் மாற்றி மறுபடியும் செய்து பார்ப்பதுதான் ஆக்கத் திறமை. கேள்வி, கைவேலை, திருத்தம் ஆகிய இம்மூன்றைத் தவிர அதில் நான்காவது சரக்கு ஒன்றும் கிடையாது.

ஆனால் நம் நாட்டில் என்ன சொல்லுகிறார்கள்? ஒருவன் நன்றாகப் பாடினால் சரஸ்வதி கடாட்சம் என்கிறார்கள். ஒருவன் நன்றாகச் சிலை செதுக்கினால் விஸ்வகர்மா வரம் என்கிறார்கள். பத்து வருஷம் விடியற்காலையில் எழுந்து தொண்டை வலிக்கச் சாதகம் செய்தவனுக்கும், உளி பட்டு விரல் நசுங்கினவனுக்கும் அதில் பங்கே இல்லை. அன்றியும், திறமை வராதவனும் சும்மா இருப்பதில்லை. "என் தலையில் எழுதவில்லை" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளுகிறான். ஆகவே இந்த வரத்தின் கதையினால், பாடுபட்டவனுக்குப் பெயர் போகிறது. பாடுபடாதவனுக்கு முயற்சி போகிறது.

வாசற்படியில் இருக்கும் கணக்கு

இங்கு வந்திருக்கும் தாய்மார்களைக் கேட்கிறோம். நீங்கள் விடியற்காலையில் வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறீர்கள். வரிசைக்கு இத்தனை புள்ளி என்று வைத்து, அப்புள்ளிகளில் ஒன்றையும் தொடாமலும், ஒன்றையும் விட்டுவிடாமலும், தொடங்கின இடத்திலேயே வந்து முடியும்படி ஒரே கோட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறீர்களே, அதற்கு எவ்வளவு கணக்கறிவு வேண்டும் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? அடுத்த வீட்டுக்காரி போட்ட ஏழு புள்ளிக் கோலத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் அதையே ஒன்பது புள்ளிக்கு விரித்துப் போடுகிறீர்களே, அது யார் சொல்லிக் கொடுத்த பாடம்?

சென்னையில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்ற கணித அறிஞர்களும் அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்த கமலா கிரிதிவாசன் என்ற அம்மையாரும் இக்கோலங்களை எடுத்துக்கொண்டு, இவற்றை ஆக்கும் விதிகள் என்ன, அவ்விதிகளைக் கணிப்பொறிக்கு எப்படிச் சொல்லுவது என்று ஆராய்ந்து 1974-ம் வருஷத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதாவது எழுத்து வாசனையே இல்லையென்று வீட்டில் உட்காரவைக்கப்பட்ட பெண்கள் அரிசி மாவில் போட்டுவந்த கணக்கு, விஞ்ஞானப் பத்திரிகையில் ஆராய்ச்சிக்குரிய விஷயமாயிற்று. ஆனால் வீட்டிலோ, "லட்சுமி வருவதற்காகப் போடுகிறாள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். லட்சுமி வந்தாளோ இல்லையோ, போட்டவளுடைய மூளை அங்கே இருந்தது என்பதை மாத்திரம் ஒருவரும் கவனிப்பதில்லை. அதே மூளைக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டிருந்தால் நம் நாட்டில் எத்தனை கணித நிபுணிகள் உண்டாகியிருப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கை ஒரு பக்கம், மூளை ஒரு பக்கம்

காஞ்சீபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடையால் நெய்து, ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இணைத்துக்கொண்டே போகவேண்டும். அதற்கு மூன்று நாடா வேண்டும். பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். அந்த இணைப்பு இழை இழையாகப் பிரியாமல் நிற்கிறது. இந்த யுக்தியை முதன்முதல் கண்டுபிடித்தவன் யார்? ஒருவருக்கும் தெரியாது. கோவிலைக் கட்டின ராஜா பெயர் கல்லில் இருக்கிறது. அந்த ராஜாவின் மனைவிக்குச் சேலை நெய்தவன் பெயர் எங்கும் இல்லை.

பெயர் போனது மாத்திரமானால் சகித்துக்கொள்ளலாம். அறிவும் அல்லவா போயிற்று! வங்காளத்து இரசாயன நிபுணர் பிரபுல்ல சந்திர ரே என்பவர், பழைய இந்திய இரசாயனத்தின் சரித்திரத்தை இரண்டு பாகமாக 1902-லும் 1909-லும் வெளியிட்டார். உலோகத்தை உருக்குவதிலும் சாயம் காய்ச்சுவதிலும் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்த தேசத்தில் விஞ்ஞானம் ஏன் வளராமல் நின்றுவிட்டது என்று அவர் ஆராய்ந்தார். ஜாதிக் கட்டுப்பாட்டினால் கைத்தொழில்கள் கீழ் ஜாதியாருக்கென்று தள்ளப்பட்டு, படித்த கூட்டத்தாருக்கும் அத்தொழில்களுக்கும் தொடர்பு அறுந்துபோனதே முக்கிய காரணம் என்பது அவர் கண்ட முடிவு. இதை யாரோ ஒரு பிரசாரகன் மேடையில் சொல்லவில்லை; இரசாயனக் கூடத்தில் தன் கையால் வேலை செய்த ஒரு நிபுணர் சொன்னார்.

தோழர்களே! இதில் இருக்கும் அநியாயத்தைக் கவனியுங்கள். உலையின் முன்னால் நிற்கிறவனுக்கு எழுத்தில்லை. ஏட்டைப் புரட்டுகிறவனுக்கு உலையின் சூடு தெரியாது. ஒருவன் ஆயிரம் தடவை கண்ணால் கண்டதை எழுதி வைக்க வழியில்லை. மற்றொருவன் எழுதி வைத்ததைச் சோதித்துப் பார்க்கக் கையில்லை. ஆகவே தகப்பன் கண்ட யுக்தி மகனோடு நின்றது. மகன் கொள்ளையில் இறந்தால் அவனோடு சுடுகாட்டுக்குப் போயிற்று.

சைக்கிள் கடைக்காரர்கள்

இனி, கையும் மூளையும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். அமெரிக்காவில் டேட்டன் என்னும் ஊரில் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்று இரண்டு சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். காலேஜ் வாசற்படி மிதித்தவர்களல்ல. இவர்கள் ஆகாய விமானம் செய்யப் புறப்பட்டார்கள். முதலில் செய்து பார்த்தவை சரியாகப் பறக்கவில்லை. புத்தகத்தில் கண்ட கணக்கின்படி இறக்கை தூக்கவில்லையென்று கண்டவுடன், விதியை நொந்துகொண்டு உட்காராமல், 1901-ம் வருஷத்தில் ஒரு நீண்ட மரப்பெட்டி செய்து, அதற்குள் விசிறியால் காற்றை ஓட்டி, ஏறக்குறைய 200 விதமான சின்னஞ்சிறு இறக்கைகளை ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்தார்கள். இஞ்சினைச் செய்தவர் அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற தொழிலாளி. விசிறியைச் சுழற்ற வைத்ததோ சைக்கிள் செயினைப் போன்ற செயின்தான்.

1903-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி அந்த யந்திரம் 12 விநாடி, 120 அடி தூரம் பறந்தது. அன்றே நான்காவது தடவை 59 விநாடியில் 852 அடி பறந்தது. அதற்கு ஒன்பது நாள் முந்தித்தான், சர்க்காரிடம் 50,000 டாலர் வாங்கிச் செய்த லாங்லி என்ற பெரிய விஞ்ஞானியின் விமானம் ஆற்றில் விழுந்தது. லாங்லியைக் குறைவாகப் பேசுவது நம் கருத்தல்ல. பணமும் பட்டமும் இல்லாத சைக்கிள் கடையிலும் மூளை இருக்கலாம் என்பதே நாம் சொல்ல வந்தது. நம் ஊரிலோ புஷ்பக விமானத்தின் கதையை ஆயிரக்கணக்கான வருஷமாகப் பாராயணம் செய்தும் ஒரு திருகாணி கூட முளைக்கவில்லை. ஏனென்றால் பாராயணத்தில் "ஏன்" என்ற கேள்வி கிடையாது. செய்து பார்ப்பதும் கிடையாது.

ஆறு புள்ளிகள்

இதுவரை தொழிலைப் பற்றிச் சொன்னோம். ஆக்கத் திறமையானது ஒரு மனிதனை "இன்னான்" என்று உலகம் அழைக்கும் அந்த அழைப்பையே மாற்றிவிடக்கூடியது என்பதற்கு மற்றொரு உதாரணம் சொல்லுவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே கேட்கவேண்டுகிறோம்.

பிரஞ்சு தேசத்தில் கூப்வ்ரே என்ற கிராமத்தில் குதிரைச் சேணம் தைக்கும் தோல் தொழிலாளி ஒருவருக்கு, 1809-ம் வருஷத்தில் லூயி பிரெயில் என்ற பிள்ளை பிறந்தது. மூன்று வயதில் தகப்பனார் பட்டறையில் விளையாடும்போது தோலைத் துளைக்கும் ஊசி ஒரு கண்ணில் குத்திவிட்டது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவி, இரண்டும் போய்விட்டன. நம் ஊராயிருந்தால் "பூர்வ ஜென்மத்துப் பாவம்" என்று ஒரு தீர்ப்பைச் சொல்லி, கையில் ஓர் ஓட்டைக் கொடுத்துக் கோவில் வாசலில் உட்கார வைத்திருப்பார்கள். அவருடைய தகப்பனாரோ அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

பத்து வயதில் பாரிஸ் நகரத்திலிருந்த கண் தெரியாதவர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே சாதாரண எழுத்துக்களையே பெரிதாகப் புடைக்கச் செய்து, விரலால் தடவிப் படிக்கும்படி வைத்திருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தையும் சுற்றித் தடவவேண்டும்; ஒரு வரி முடிவதற்குள் முதல் வார்த்தை மறந்துபோகும். படிக்கவாவது முடிந்தது, அவ்வித எழுத்தைத் தாங்களாகவே எழுத முடியாது. காரணம் என்னவென்றால், அந்த எழுத்து கண்ணுள்ளவர்களுடைய கண்ணுக்காக ஏற்பட்டது. அதையே விரலுக்கும் மாட்டினார்கள்.

அச்சமயத்தில் பார்பியே என்ற பழைய பீரங்கிப் படை அதிகாரி, 12 புள்ளிகளால் எழுதும் ஒரு முறையை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். புள்ளி விரலுக்கு எளிது என்பது பிரெயிலுக்குத் தெரிந்தது. ஆனால் 12 புள்ளி ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. எழுத்துக் கூட்டவும் அதில் வழியில்லை. பையன் என்ன செய்தான்? அதிகாரி கொடுத்ததாயிற்றே என்று கும்பிடு போடவில்லை. உபயோகமில்லை என்று எறிந்துவிடவுமில்லை. 12 புள்ளியை 6 ஆக்கினான். மூன்று மூன்றாக இரண்டு வரிசை. ஒரே தொடுதலில் விரல் நுனிக்கு முழு எழுத்தும் தெரிந்துவிடும். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 உருவம் வரும். எழுத்துக்கும் எண்ணுக்கும் சங்கீதக் குறிக்கும் போதும். இதை 1824-ம் வருஷத்தில், பதினைந்தாம் வயதில் செய்து முடித்தான். புள்ளி குத்துவதற்கு வேண்டிய கருவியோ, அவன் கண்ணைக் குத்தின ஊசியின் இனத்தைச் சேர்ந்ததுதான்.

இவ்வளவு நல்ல காரியத்தை உடனே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. 1840-ல் அப்பள்ளிக்கு வந்த புதிய தலைவர் அதைத் தடுத்துவிட்டார். கண்ணுள்ள ஆசிரியர்களுக்கு அது விளங்காத எழுத்து. பிள்ளைகள் தங்களுக்குள் என்ன எழுதிக்கொள்ளுகிறார்கள் என்பது தெரியாமல் போய்விடும் அல்லவா? பிள்ளைகளோ ஒளித்து வைத்து எழுதினார்கள், ஒருவருக்கொருவர் கற்பித்தார்கள். கடைசியில் 1844-ல் எல்லோர் முன்னிலையிலும் அதன் பயன் காட்டப்பட்டு, தடையும் தளர்ந்தது. பிரெயில் 1852-ல் இறந்தார். 1854-ல்தான் பிரஞ்சு தேசம் அதைச் சட்டபூர்வமாக ஏற்றது. இந்தியாவில் நம் பாஷைகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-ல் ஏற்பட்டது. அதில் "கி" என்பதற்குத் தனி உருவம் கிடையாது. க, பிறகு இ, அவ்வளவுதான். 247 எழுத்தையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

இதன் பலன் என்ன? "ஐயோ பாவம்" என்று அழைக்கப்பட்டவன் வாசகனானான், ஆசிரியனானான், தன் கடிதத்தைத் தானே எழுதித் தானே படிக்கும் சுதந்திர புருஷனானான். பிரெயிலே அப்பள்ளியில் ஆசிரியராயிருந்தார். மாதாகோவிலில் ஆர்கன் வாத்தியமும் வாசித்தார். தர்மம் செய்கிறவன் ஒரு வேளைக் கஞ்சி கொடுப்பான். இந்த ஆறு புள்ளி மனிதனுக்கு மனிதன் என்ற பெயரையே கொடுத்தது. மேலும், அதைக் கொடுத்தவன் வெளியிலிருந்து இரக்கப்பட்டவனல்ல. அந்தக் கஷ்டத்தை அனுபவித்தவனே. எவனுக்குச் செருப்புக் கடிக்கிறதோ, அவனுக்குத்தான் எந்த இடத்தில் என்று தெரியும்.

நாம் செய்யவேண்டியது

"நீ யார்?" என்று நம் ஊரில் ஒருவனைக் கேட்டால், பிறந்த ஜாதியையும் பாட்டன் பெயரையும் சொல்லுகிறான். இரண்டும் அவன் செய்ததல்ல. "நான் இதைச் செய்தேன், இதை இப்படித் திருத்தினேன்" என்று சொல்லுகிறவனே தன்னைப் பற்றிச் சொல்லுகிறவனாவான்.

நிற்க, வயிற்றுக்கில்லாதவனிடம் போய் ஆக்கத் திறமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது கேலியாகும் என்பதை நாம் மறக்கவில்லை. ரைட் சகோதரர்களுக்குக் கடை வருமானம் இருந்தது. வியாபாரம் மந்தமான மாதங்களில் ஓய்வும் இருந்தது. பிரெயிலுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. ஆகையால் ஒவ்வொருவருக்கும் படிப்பு, ஓய்வு, கையில் ஒரு கருவி ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றைக் கேட்பது பிச்சையல்ல, பாத்தியதை.

இவற்றோடு, செலவில்லாமல் இன்றைக்கே கொடுக்கக்கூடிய நான்காவது ஒன்றும் உண்டு. அது தப்புச் செய்வதற்கு அனுமதி. பிள்ளை கடிகாரத்தைக் கழற்றினால் அடிக்காதீர்கள். மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெண் குழந்தை "ஏன்" என்று கேட்டால் "வாயை மூடு" என்னாதீர்கள். தெரியாவிட்டால் "தெரியவில்லை, இருவரும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். தொழிலாளித் தோழர்களே, உங்கள் பட்டறையில் ஒரு சுலப வழி கண்டால் அதை ஒரு நோட்டில் தேதியும் பெயரும் போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் படிக்கும் பையனைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். முதலாளி கேட்டால் பெயரோடு கொடுங்கள்.

நாள் முழுதும் "சொன்னதைச் செய்" என்றே பழக்கப்பட்டவன், வேலையில் மாத்திரமல்ல, கல்யாணத்திலும் கருமாதியிலும் ஓட்டுப் போடுவதிலும் சொன்னதையே செய்வான். ஒரு காரியத்திலாவது தானே யோசித்து மாற்றிச் செய்து ருசி கண்டவன், மற்றக் காரியங்களிலும் காரணம் கேட்கத் தொடங்கிவிடுவான். அதனால்தான் இவ்விஷயத்தை இவ்வளவு நேரம் பேசினோம்.

நாம் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. வீட்டில் போய்ச் செய்து பாருங்கள். சரிப்படாத இடம் இருந்தால் திருத்துங்கள். திருத்தினதை அடுத்த கூட்டத்தில் வந்து எங்களுக்குச் சொல்லுங்கள்.