கமராவின் கண்ணில் விழுந்த தூசு

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கிய தம்பபவனிக் காற்றாலையில் 30 சுழலிகள் நிற்கின்றன, 103.5 மெகாவாற் மின்சாரம் பிறப்பிக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. அத்துணைப் பெரிய இயந்திரங்களை நம்பி நாட்டுமளவுக்கு ஓயாது வீசும் அந்தக் காற்று, தாழ்வுபாட்டு மணலையும், வற்றிய கடனீரேரிகளின் களிப்பொடியையும், உப்பளங்களின் உவரையும் ஒருசேர வாரிக்கொண்டு, பூட்டிய வீட்டுக்குள்ளும் மூடிய பெட்டிக்குள்ளும் புகுந்துவிடுவது இவ்வூரார் யாவரும் அறிந்த சங்கதி. அது டிஜிற்றல் கமராவின் வியூபைண்டருக்குள்ளும், அதாவது நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சிறு சாளரத்துக்குள்ளும், புகுந்து குடியேறுகிறது. அதை அங்கிருந்து அகற்றும் முறையையே இன்று ஒரு கலையாக மதிப்பிட எண்ணுகின்றேன். கலை என்ற சொல் இதற்குச் சற்று அதிகம் என்று கருதுவோர், முடிவுவரை பொறுத்திருந்து கேட்பார்களாக.

மன்னாரிலே கமரா ஏந்துவோர் பெரும்பாலும் இரு திறத்தினர். தாம்போதியின் மருங்கிலும் தள்ளாடிக்கும் வங்காலைக்கும் இடையிலும் விரிந்து கிடக்கும் ஆழமற்ற உவர்நீர்ப் பரப்புக்கு, மாரி கழிந்ததும் பூநாரைகளையும் ஊசிவால் வாத்துகளையும் தேடி வருவோர் ஒரு திறத்தினர். 2008இல் சரணாலயமாகவும், 2010இல் றாம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகவும் பிரகடனம் செய்யப்பெற்ற அப்பிரதேசம் 4,839 ஹெக்ரேயர் விஸ்தீரணம் உடையது. மற்றத் திறத்தினர் நம் ஊர்க் கமராக்காரர். கலியாண வீட்டுக்கும், முதல் நன்மைக்கும், திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரிக்கும், யூலை 2ஆம் திகதியும் ஓகஸ்ட் 15ஆம் திகதியும் மடுமாதாவின் சந்நிதியில் நிகழும் பெருவிழாக்களுக்கும் ஓடித் திரிபவர்கள். மடுவின் விழாக்கள் இரண்டும் சோளகம் உரத்து வீசும் மாதங்களில் அமைந்திருப்பதையும், இலட்சக்கணக்கான கால்கள் அக்காட்டு மண்ணை மிதிப்பதையும் நினைத்துப் பார்த்தால், அங்கே லென்ஸைக் கழற்றி மாற்றுவோரின் துணிவை நாம் வியக்கத்தான் வேண்டும்.

தூசு தங்கும் இடத்தை அறியாமல் அதைத் துரத்தப் புறப்படுவது வீண். லென்ஸின் வழியே வரும் ஒளி, கமராவின் உள்ளே 45 பாகையிற் சாய்ந்து நிற்கும் ஆடியொன்றிற் பட்டு மேனோக்கித் திரும்பி, அங்கே கிடையாகப் பொருத்தப்பட்டுள்ள மங்கலான ஒரு மெல்லிய தகட்டிலே பிம்பமாக விழுகின்றது. குவியத் திரை என வழங்கும் அத்தகட்டின் மேலமைந்த ஐங்கோண அரியம், இடவலம் மாறிய பிம்பத்தைச் சீர்செய்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றது. ஆடியிலிருந்து திரைக்குள்ள தூரமும், ஆடியிலிருந்து பின்னாலுள்ள சென்சருக்குள்ள தூரமும் ஒன்றாகவே வகுக்கப்பட்டிருப்பதால், திரையிலே துலங்கும் காட்சி சென்சரிலும் துலங்கும். திரையிலே கிடக்கும் தூசும், தூரத்துப் பூநாரைக்குச் சமமான தெளிவோடு, கரும்புள்ளியாக நம் கண்ணுக்குத் தோன்றும். ஆனால் படம் எடுக்கும் அந்தக் கணத்திலே ஆடி மேலெழுந்து திரையை மூடிக்கொள்ள, ஒளி நேரே சென்சருக்குச் சென்றுவிடுகின்றது. சன்னற் கண்ணாடியில் ஒட்டிய ஈ தோட்டத்து மரத்தை எவ்வாறு தீண்டாதோ, அவ்வாறே வியூபைண்டர்த் தூசும் படத்தைத் தீண்டுவதில்லை.

இந்த ஓர் உண்மையை உள்ளத்தில் இருத்திக்கொண்டவர்க்குப் பாதிப் பதற்றம் தணிந்துவிடும். எனினும் மீதிப் பாதிக்கும் நியாயம் இல்லாமலில்லை. உருமலைக் கரைக்கு அப்பால் மணற்றிட்டுகளின்மேல் வட்டமிடும் ஓர் ஆலாவை விடாது பின்தொடரும் கண்ணுக்கு, நடுவிலே அசையாது நிற்கும் கரும்புள்ளி பெரிய இடையூறுதான்.

ஆகவே முதலிற் செய்யத்தக்கது பரீட்சை. கண்வில்லையின் வெளிப்புறத்தை மெல்லிய துணியால் துடைத்த பின்னரும் புள்ளி நிற்கின்றதா என்று பாருங்கள். நிற்குமாயின் வேறொரு லென்ஸை மாட்டுங்கள். அப்போதும் அதே இடத்தில் நிற்குமாயின் லென்ஸ் குற்றமற்றது. பின்னர், முகிலற்ற வானத்தை நோக்கி, துவாரத்தை எஃப் 22 என்னுமளவுக்குச் சுருக்கி ஒரு படம் எடுங்கள். அப்படத்திலே மங்கலான வட்டங்கள் தென்பட்டால் அவை சென்சரின் தூசு. அதன் வைத்தியம் வேறு. படம் நிர்மலமாக இருந்து, கண்ணுக்கு மட்டும் புள்ளி தெரிந்தால், தூசு திரையிலோ அதற்கு மேலோ உள்ளது என்று நிச்சயிக்கலாம். கமரா தன்னைத் தானே துப்புரவு செய்யும் வசதியை இங்கே நம்பிப் பயனில்லை. ஒலிம்பஸ் நிறுவனம் 2003இல் ஈ-1 என்னும் கமராவிலே புகுத்தி, பின்னர் ஏனையோரும் தத்தம் வழியிற் கைக்கொண்ட அந்த நடுக்கம், சென்சரின் பக்கத்துத் தூசை உதறுவதற்கே அமைந்தது. குவியத் திரைக்கு அதனோடு யாதொரு சம்பந்தமும் இல்லை.

இனிக் கைவேலை. அதற்கு வேண்டிய உபகரணம் றப்பர்க் குமிழ் கொண்ட ஊதுகருவி ஒன்றே. கடைக்காரர் புளோவர் என்பார்கள். சோளகக் காலத்துப் பகற்பொழுதை விலக்கி, காற்றடங்கிய இரவையோ, அதனினும் மேலாகக் கார்த்திகை மழைநாள் ஒன்றையோ தெரிந்துகொள்ளுங்கள். அறையின் கதவடைத்து, மின்விசிறியை நிறுத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்து, பறக்கும் பொடி படியும்வரை பொறுத்திருக்க வேண்டும். குமிழுக்குள்ளேயே தூசு இருக்கக்கூடுமாதலால், அதை முதலில் வெறுவெளியில் இரண்டொரு முறை அழுத்துவது விவேகம். பின்பு லென்ஸைக் கழற்றி, கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஊதுகருவியின் முனை உள்ளே நுழையாதபடி கீழிருந்து திரையை நோக்கிச் சில தடவை ஊதுங்கள். பெயர்ந்த மணல் தன் பாரத்தாலே கீழே விழும். விழாவிட்டால் மறுநாள் பார்க்கலாம். நம் கரையோரத்தில் ஒரு விசேஷம் உண்டு: கடலுப்பு, இராக்காலத்து ஈரத்தை உறிஞ்சிப் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். கமராவைச் சிலிக்கா ஜெல் இட்ட பெட்டியில் ஓரிரு நாள் மூடி வைத்து ஈரம் உலர்ந்தபின் ஊதினால், முந்திய நாள் அசையாதிருந்தது எளிதிற் கழன்றுவிடுவதும் உண்டு.

இக்கலையின் சூட்சுமம், என் அபிப்பிராயத்தில், ஊதுவதைக் காட்டிலும் நிறுத்துவதிலேயே உள்ளது. மூன்றாம் முறை ஊதியும் போகாத புள்ளியைக் கண்டு பொறுமையிழந்தவர், அடுத்து எடுப்பது பஞ்சு. மணலிலுள்ள பளிங்குக்கல்லின் துணுக்கு, கண்ணாடியையே கீறவல்ல கடினம் உடையது. குவியத் திரையோ பெரும்பாலும் நுண்ணிய வரிகள் பதிந்த மிருதுவான பிளாஸ்ரிக். பஞ்சுக்கும் திரைக்கும் நடுவில் அத்துணுக்கு அகப்பட்டால் உண்டாகும் கீறலுக்கு நிவாரணம் கிடையாது. மதுசாரமோ அத்திரையின் மேற்பரப்பையே கெடுத்துவிடலாம். ஆடியின் நிலைமை இதனினும் நொய்தானது. நம் வீட்டு நிலைக்கண்ணாடிக்குப் பின்புறத்தே இருக்கும் இரசப்பூச்சு, இதற்கு முன்புறத்தே திறந்து கிடக்கின்றது. வாயால் ஊதுவோர் எச்சில் துளியைப் பரிசளிக்கின்றனர். தகரக்குப்பியில் அடைத்த வாயுவைப் பீச்சுவோர், அதிலிருந்து சிதறும் குளிர்ந்த திரவத்தால் கறையை உண்டாக்குகின்றனர். திரைக்கு மேலே, அரியத்தின் பக்கத்தில், தூசு புகுந்திருந்தாலோ ஊதிப் பயனில்லை. திரையை இடுக்கியாற் கழற்றத் துணிந்தவர்கள், ஒரு புள்ளியை எடுத்து நான்கு புள்ளிகளையும் ஒரு விரலடையாளத்தையும் உள்ளே விட்டு மூடிய கதைகளுக்கு நம் ஸ்ரூடியோக்களிலே குறைவில்லை.

முற்காலத்தார் இவ்விடயத்திற் பாக்கியசாலிகள். 1959இல் வந்த நிக்கோன் எஃப் கமராவில், அரியம் தாங்கிய தலைப்பகுதியை முழுதாகக் கழற்றி எடுத்து, திரையின் மேற்புறத்தையும் வெளிச்சத்திலே கண்டு ஊதிவிடலாம். இன்றைய டிஜிற்றல் கமராக்களிலே அத்தலை நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. மின்னணு நுட்பங்கள் எத்தனையோ பெருகிய காலத்தில் இந்தச் சாதாரண வசதியை இழந்தது, எனக்கென்னவோ நியாயமான பண்டமாற்றாகத் தோன்றவில்லை.

ஆடியே இல்லாத புதிய வகைக் கமராக்களுக்குக் குவியத் திரையும் இல்லை, அரியமும் இல்லை. கண்வில்லைக்குப் பின்னே ஒரு சின்னஞ்சிறு மின்திரை இருக்கும். அவ்விரண்டுக்கும் இடையே தூசு புகுந்தால், உருப்பெருத்துத் தோன்றும். ஊதுகருவி அங்கே எட்டாது; கமராவின் உடலையே பிரிக்க வேண்டிவரும். அத்தூசோடு வாழப் பழகுவதே உத்தமம். ஆனால் பேசாலைக் கரையில் வள்ளத்தின் அணியத்திலே அந்தக் கமராவைக் கண்வில்லை வானைப் பார்க்கக் கிடத்திவிட்டுப் போகாதீர்கள். நண்பகற் சூரியனின் கதிர்களை அவ்வில்லை ஒன்றுதிரட்டி மின்திரையைச் சுட்டுவிடும். அக்காயம் எந்தத் தூசினும் பெரியது.

கொழும்பிலுள்ள பழுது திருத்துவோரிடம் அனுப்பத் தீர்மானித்தவர்கள், வானத்தை நோக்கி எடுத்த அந்தப் பரீட்சைப் படத்தையும் உடன் அனுப்பி, கோளாறு வியூபைண்டரில் மாத்திரம் உள்ளது என்று ஒரு துண்டில் எழுதி வைத்தால், சென்சரை வீணே தீண்டுவதும் அதற்கொரு கூலி அறவிடுவதும் தவிர்க்கப்படும். அனுப்பும்போது லென்ஸைக் கழற்றிவிட்டு, கமராவின் வாய்க்கு அதற்குரிய மூடியை இறுக்கிப் பூட்டுங்கள். பொலித்தீன் பையைச் சுற்றி றப்பர் வளையம் போடுவது மூடியாகாது.