மொறிஸ் மைனரும் சொட்டும் பெற்றோலும்



என் தந்தையார் விட்டுச் சென்ற 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்று யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நிற்கின்றது. 1990களில் பெற்றோல் கிடையாத நாட்களில், சில துளி பெற்றோலை வார்த்துக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களுள் அதுவும் ஒன்று. நெடுங்காலம் ஓடாது கிடந்த அதனை மீண்டும் ஓட்ட முனைந்தபோது, காபுரேற்றரிலிருந்து பெற்றோல் சொட்டியது.

சொட்டுத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். இந்தக் காரில் காபுரேற்றரும், எரிந்த புகை வெளியேறும் குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் உள்ளன; மேலே காபுரேற்றர், கீழே கொதிக்கும் குழாய். துளி எங்கே விழும் என்று நான் சொல்லவேண்டுமா? பெற்றோலின் ஆவியோ காற்றினும் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

அன்று நான் செய்ததை நினைத்தால் இன்றும் நாணமாக இருக்கின்றது. காபுரேற்றரின் அடியில் ஈரம் கண்ட இடத்தில் இருந்த பித்தளை நட்டை ஸ்பானரால் இறுக்கினேன். நிற்கவில்லை. மேலும் இறுக்கினேன்; மரை தேய்ந்து போயிற்று. அப்பொழுது அருகில் நின்ற என் மருமகன், பள்ளி மாணவன், "மாமா, பம்ப் இன்னும் அடிச்சுக்கொண்டிருக்குது, கேட்டியளோ?" என்றான். உடனே சாவியைத் திருப்பி நிறுத்தினேன்.

அவன் கேட்டதிலேதான் விடை இருந்தது. இந்தக் காரின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தால் இயங்குவது. இயந்திரத்தைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால், டிக் டிக் என்று சிலமுறை அடித்து, காபுரேற்றர் நிறைந்ததும் மௌனமாகிவிட வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தால், பெற்றோல் எங்கோ போய்க்கொண்டிருக்கின்றது. அல்லது பம்ப் காற்றை உறிஞ்சுகின்றது. எங்கள் காரில் பெற்றோலே வழிந்தது.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தைப் பார்த்திருப்பீர்கள். நீர் உயரப் பந்தும் உயர்ந்து குழாயை அடைக்கும். காபுரேற்றரின் பக்கத்துக் கிண்ணத்திலும் அதுவே நிகழ்கின்றது: பித்தளை மிதவை உயர்ந்து, ஒரு சிறு ஊசியைத் தள்ளி வழியை மூடுகின்றது. பற்றரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, இயந்திரம் நன்றாக ஆறியபின், வெட்டவெளியில் வைத்து மூடியைத் திறந்தேன். மிதவையை எடுத்துக் காதருகே குலுக்கினேன். உள்ளே சளசளவென்றது. ஓட்டை விழுந்து பெற்றோல் புகுந்த மிதவை எப்படி மிதக்கும்? அது மூழ்கிக் கிடக்க, ஊசி மூடாமல், பெற்றோல் வழிந்து காபுரேற்றரின் அடிவரை நனைத்திருக்கின்றது. நான் அடியில் இறுக்கிக்கொண்டிருந்தேன். பழுதோ மேலே இருந்தது.

ஓட்டையைக் காண, அடுப்பிலிருந்து இறக்கித் தொலைவில் கொண்டுவந்த வெந்நீரில் மிதவையை அமிழ்த்தினால் போதும். குமிழிகள் இடத்தைக் காட்டும். ஈயம் வைத்துப் பற்றலாம். ஆயினும் ஈயத்தின் பாரம் கூடினால் மிதவை தாழும், பெற்றோல் மட்டம் உயரும். ஆதலால் புதிய மிதவையே வாங்கினேன். ஊசியின் இருக்கையில் படிந்திருந்த பிசினையும் துடைத்தேன்.

பெருங்கசிவு நின்றது. எனினும் அடியில் சிறு ஈரம் எஞ்சியது. ஜெற் என்னும் நுண்குழாயைச் சுற்றி அங்கே தக்கை வளையங்கள் உள்ளன. நெடுநாள் நின்ற காரில் அவை காய்ந்து சுருங்கிவிடும். (இக்காபுரேற்றரை உருவாக்கிய இங்கிலாந்தின் ஸ்கின்னர் குடும்பத்தார் சப்பாத்து வணிகர், அவர்களுடைய முதற் காபுரேற்றரில் தோலாலான துருத்தியே இருந்ததாம்!) புதிய வளையங்களை எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினேன். நான் கெடுத்த நட்டுக்கும் மாற்று வாங்க நேர்ந்தது. ஜெற்றைக் கழற்றிப் பூட்டினால் அதனை மீண்டும் நடுவில் நிறுத்தவேண்டும். மேலுள்ள பிஸ்டனை உயர்த்தி விட்டால், 'டக்' என்று தடையின்றி விழவேண்டும். நான்காம் முயற்சியிலேதான் அந்த ஒலி கேட்டது.

பின்னர் பற்றரியை இணைத்துச் சாவியைத் திருப்பினேன். பம்ப் ஏழெட்டு முறை அடித்து ஓய்ந்தது. காபுரேற்றரின் கீழ் ஒரு வெள்ளைத் தாளை விரித்துவிட்டுப் படுக்கச் சென்றோம். விடியற்காலையில் எனக்கு முன்னரே மருமகன் எழுந்து போய்ப் பார்த்திருக்கின்றான். தாள் காய்ந்தே கிடந்தது.