கை மறைத்தால் நின்றுவிடும் அலை
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டொக்டர், இனி வாற புதுப் போன் அலை புற்றுநோயைக் கொண்டுவருமாமே?" என்று நோயாளர்கள் கேட்பதுண்டு. உயர்தரத்தோடு பௌதிகவியலை விட்டுவிட்ட நான், இக்கேள்விக்காகவே மில்லிமீற்றர் அலைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

இவை 30 முதல் 300 கிகாஹேட்ஸ் வரை மீடிறனும், 10 முதல் 1 மில்லிமீற்றர் வரை அலைநீளமும் கொண்ட வானொலி அலைகள். 1890களிலேயே ஜகதீஸ் சந்திர போஸ் கல்கத்தாவில் இவற்றை உண்டாக்கி ஆராய்ந்தார். இன்றைய கைத்தொலைபேசி அலைவரிசைகள் நெரிசலாகிவிட்டதால், பொறியியலாளர் விசாலமான இந்த வெளியை நாடினர். ஆனால் சுவர், இலை, ஏன், போனைப் பிடிக்கும் கைகூட இவ்வலையைத் தடுத்துவிடும். நடமாட்டத் தொடர்புக்கு இது உதவாது என்றே பலர் கருதினர்.

நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் தியோடர் ரப்பப்போர்ட்டின் குழு தெருத்தெருவாக அளந்து பார்த்தது. கட்டடங்களில் பட்டுத் தெறிக்கும் அலையைக் கொண்டும் ஏறத்தாழ 200 மீற்றர் வரை தொடர்பு கிடைக்கும் என்று 2013 இல் எழுதியது. அதே ஆண்டில் ஐரோப்பியரும் யப்பானியரும் 'மிவேபா' என்ற கூட்டு ஆய்வைத் தொடங்கினர். சிறிய அன்டெனாக்கள் பலவற்றை அடுக்கி, ரோச் வெளிச்சம்போல் அலையைக் குவிக்கும் முறையும் வளர்ந்தது.

பொறியியலாளரின் தலைவலியான அதே குணந்தான் மருத்துவருக்கு விடையின் முதற்பாதி. கையைத் தாண்ட முடியாத அலை, உடலுக்குள் ஆழமாகப் போகாது. அதன் சக்தி பெரும்பாலும் தோலின் முதல் மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். எக்ஸ் கதிர்போல் அயனாக்கும் வலிமை அதற்கில்லை. நன்கு அறியப்பட்ட விளைவு சூடாக்குவதே.

மறுபாதியும் உண்டு. 2021 இல் அவுஸ்திரேலியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு நிறுவனத்தினரும் ஸ்வின்பேர்ண் பல்கலைக்கழகத்தினரும் இணைந்து 107 பரிசோதனை ஆய்வுகளைப் பரிசீலித்தனர். குறைந்த அளவு அலைகளால் தீங்கு உண்டென்பதற்கு உறுதிப்படுத்தப்பட்ட சான்று இல்லை என்றனர். ஆனால் பல ஆய்வுகளின் அளவீட்டுத் தரம் போதாது, மேலும் சிறந்த ஆய்வுகள் வேண்டும் என்றும் சொன்னார்கள்.

நோயாளிக்கு நான் இரண்டையும் சொல்கிறேன். "பயப்படாதேங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அடுத்த வதந்தி வரும்போது அவரிடம் அதை எதிர்கொள்ள ஒன்றும் இராது.

அந்தத் தரக் குறைவு நீங்க வேண்டுமானால், அலையை அளக்கத் தெரிந்தவரும் கலத்தைப் படித்தவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். இப்பாடசாலையில் உயிரியல் பிரிவினரும் கணிதப் பிரிவினரும் பௌதிகவியலுக்கு ஒரே வாங்கில்தான் இருந்தோம். மணி அடித்ததும் பிரிந்துபோனோம்; பலர் பிறகு அப்பாடத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசவேயில்லை. தங்கைமாரே, நீங்கள் அப்படிப் பிரிந்துவிடாதீர்கள்.