ஓர் இசையாசிரியரின் இல்லம்



1730ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28ஆம் நாள், ஜெர்மன் நாட்டு லைப்சிக் நகரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர், இளமையில் தம்முடன் பயின்ற நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். நண்பர் டான்சிக் நகரில் நல்ல பதவியில் இருந்தார். அங்கே தமக்கும் ஏதேனும் ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்பதே கடிதத்தின் நோக்கம். வேலை தேடுவோர் எழுதும் கடிதங்கள் எந்நாட்டிலும் எக்காலத்தும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வந்தபோது சொன்ன வருவாய் இப்போது இல்லை, விலைவாசியோ மிகுதி, மேலிருப்பவர்களுக்கு இசையில் நாட்டமில்லை. இவையெல்லாம் அக்கடிதத்திலும் உண்டு. ஆனால் வேறெந்தக் கடிதத்திலும் நான் காணாத ஒரு குறையும் அதில் இருக்கிறது. சென்ற ஆண்டு ஊரில் நல்ல காற்று வீசியதாம்; அதனால் இறந்தவர் தொகை குறைந்து போயிற்றாம்; சவ அடக்கத்தின்போது பாடுவதற்காகக் கிடைக்கும் தொகையில் நூறு தாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டதாம்.

அதே கடிதத்தின் இறுதியில் ஒரு மகிழ்ச்சியும் இருக்கிறது. தம் பிள்ளைகள் அனைவரும் பிறவியிலேயே இசைவாணர்கள் என்றும், குடும்பத்தினரைக் கொண்டே ஒரு கச்சேரி நடத்திவிடலாம் என்றும், மனைவியின் குரல் தூய்மையானது, மூத்த மகளும் மோசமில்லை என்றும் எழுதுகிறார். எழுதியவர் பெயர் ஜோகன் செபாஸ்டியன் பாக். மேலைநாட்டு இசையுலகம் தலைமேல் வைத்துப் போற்றும் பெரியார்.

ஊரார் சாகவில்லையே என்று வருந்திய இவரை நீங்கள் கல்நெஞ்சர் என்று எண்ணிவிடக்கூடாது. அதே 1730ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பிறந்து சில நாள்களே ஆன அவருடைய பெண் குழந்தை இறந்துபோயிற்று. இறப்பு அவர் வீட்டு வாயிலில் நிற்காத ஆண்டு அரிது. முதல் மனைவியிடம் ஏழு குழந்தைகள், இரண்டாம் மனைவியிடம் பதின்மூன்று, ஆக இருபது பேர் அவருக்குப் பிறந்தனர். வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேர்தாம். 1726 முதல் 1733 வரை எட்டே ஆண்டுகளில் ஏழு குழந்தைகளை அவ்வீடு இழந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் அவர் எழுதிய இசை எத்தனை கட்டுகள் என்பதையும் உடன் எண்ணிப் பாருங்கள். நம்மவர் ‘வீட்டுக்கு வீடு வாசற்படி’ என்பார்கள். இந்த வீட்டின் வாசற்படி சற்று உயரமானது.

பாக்கின் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1723ஆம் ஆண்டில் லைப்சிக் நகரத்துத் தூய தோமையர் பள்ளியில் இசையாசிரியராக அவர் அமர்ந்தார். காண்டர் என்பது பதவியின் பெயர். தலைமையாசிரியர், துணைத் தலைமையாசிரியர் இருவருக்கும் அடுத்த மூன்றாம் இடம். விடுதிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, அவர்களைக் கொண்டு நகரத்துத் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் இசை நடத்தவேண்டும். முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு புதிய இசைப் படைப்பாக எழுதித் தள்ளினார். இத்துடன் இலத்தீன் பாடமும் நடத்தவேண்டும் என்பது விதி. அதை மட்டும் அவர் தம் பணத்தைக் கொடுத்து வேறோர் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டார்.

வீடு பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. விடுதியில் ஏறக்குறைய ஐம்பத்தைந்து மாணவர்கள். மூத்த ஆசிரியர்கள் நால்வர் முறை வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருவராக இரவும் பகலும் அவர்களைக் கண்காணிக்கவேண்டும். பள்ளி வளாகத்துக்குள் குடியிருந்தவன் நான். அதிலுள்ள வசதியும் அறிவேன். உணவு வேளையில் கதவு தட்டப்படுவதையும் அறிவேன். வாசலில் மாணவர் கூச்சல். உள்ளே தொட்டிலில் ஒன்று, தவழ்வது ஒன்று. ஒரு மூலையில் வயலின், மற்றொரு மூலையில் விசைக்கருவி. வந்து போகும் இசைவாணர்கள். பாடம் கேட்கத் தங்கியிருக்கும் சீடர்கள். அந்த வீடு ஒரு புறாக்கூட்டைப் போல இருந்தது என்று அவருடைய மகன் எமானுவேல் 1775இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இந்த இரைச்சலுக்கு நடுவில்தான் அவர் மேசையருகே உட்கார்ந்து எழுதினார். தனியறை கிடைத்தால்தான் படிப்பேன் என்று தாயிடம் அடம் பிடிக்கும் மாணவர் யாரேனும் இப்போது வானொலி அருகில் இருந்தால் சற்றுக் காது கொடுக்கட்டும்.

இவருக்கு இசையில் இத்துணைப் பித்து எங்கிருந்து வந்தது? பரம்பரையே இசைப் பரம்பரை. ஆனால் பத்து வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். மூத்த அண்ணன் ஓர்ட்ரூப் என்னும் சிற்றூரில் ஆர்கன் வாசிப்பவர். அவர் வீட்டில் வளர்ந்தார். அண்ணனிடம் பெரிய இசைவாணர்களின் படைப்புகள் அடங்கிய ஏடு ஒன்று இருந்தது. தம்பி கெஞ்சியும் தரவில்லை. ஏடு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அலமாரிக் கதவோ வெறும் கம்பி அழி. சிறுவன் தன் சிறு கையை அழிக்குள் விட்டு, ஏட்டைச் சுருட்டி வெளியே இழுப்பான். எல்லாரும் உறங்கிய பின் நிலவொளியில் படியெடுப்பான். விளக்கு அவனுக்குக் கிடையாது. ஆறு திங்கள் இவ்வாறு எழுதி முடித்தான். அண்ணன் கண்டுபிடித்து, எழுதிய படியையும் பிடுங்கிக்கொண்டார். பாக் இறந்த பின் 1754இல் வெளிவந்த வாழ்க்கைக் குறிப்பில் இச்செய்தி இருக்கிறது.

ஏட்டைப் பூட்டி வைத்த வீட்டில் வளர்ந்த அந்தச் சிறுவன், தந்தையானபோது என்ன செய்தார் என்பதுதான் நான் உங்களுக்கு முதன்மையாகச் சொல்ல விரும்புவது. 1720ஆம் ஆண்டு சனவரியில், மூத்த மகன் வில்லெம் பிரீடமனுக்கு ஒன்பது வயது நடந்தபோது, அவனுக்கென்றே ஒரு பாட ஏட்டைத் தொடங்கினார். கோடுகளில் சுரக் குறிகளை எப்படி அறிவது என்பது முதலில். அலங்காரக் குறிகளின் பட்டியல் அடுத்து. பின்னர் ஒரு சிறு பயிற்சி. அதில் ஒவ்வொரு சுரத்தின் மேலும் எந்த விரல் என்று எண் இட்டிருக்கிறார். எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த விதிக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. நம் நாட்டில் புரந்தரதாசர் வகுத்ததாக வழங்கும் சரளி வரிசையும் சண்டை வரிசையும் இதே நெறியில் அமைந்தவையே. சண்டை வரிசை என்றா சொன்னேன்? சண்ட வரிசை அல்ல, ஜண்டை வரிசை; ஆனால் பாடம் நடக்கும் வீடுகளில் இரண்டும் ஒன்றுதான்!

இன்னொன்றும் கேளுங்கள். பாக்கின் மக்களிடம் கேட்டறிந்து 1802இல் அவர் வரலாற்றை வெளியிட்ட போர்க்கெல் என்பவர் எழுதுகிறார்: சீடர்களுக்குத் தொடக்கத்தில் பல திங்கள் வெறும் விரற்பயிற்சிதான், ஆனால் அவர்கள் சலித்துப்போவதைக் கண்டால், அப்பயிற்சிகளையே உள்ளே வைத்துக் கேட்க இனிய சிறு உருப்படிகளை அங்கேயே எழுதிக் கொடுப்பாராம். மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் தாயின் வேலை இது. மகனுக்கென எழுதிய அவ்வேட்டிலிருந்த பல பயிற்சிகள் பின்னர்த் திருத்தம் பெற்று, இன்று உலகமெங்கும் பியானோ பயில்வோர் கைகளில் இருக்கின்றன. ஒரு பையன் சலிப்படையாதிருக்க எழுதியவை அவை.

அந்த ஏடு தொடங்கிய அதே ஆண்டில்தான் வீட்டில் இடி விழுந்தது. பாக் அப்போது கோத்தன் நகரத்து இளவரசரிடம் பணி செய்துகொண்டிருந்தார். இளவரசருடன் கார்ல்ஸ்பாத் ஊற்றுக்குச் சென்றவர், சூலைத் திங்களில் திரும்பி வந்தபோது மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. புறப்பட்டபோது நலமாக இருந்தவள். தாயற்ற பிள்ளைகள் நால்வர். அடுத்த ஆண்டு திசம்பரில், அரண்மனைப் பாடகி அன்னா மக்டலேனாவை மணந்தார். அந்த அம்மைக்கு இருபது வயது.

இந்த அம்மையாரைப் பற்றித் தனியே ஒரு பேச்சு நிகழ்த்தலாம். கணவரின் படைப்புகளை அழகாகப் படியெடுத்தார். பதின்மூன்று மகவு ஈன்றார். மூத்தாள் மக்களையும் வளர்த்தார். அவருக்கெனக் கணவர் 1722இலும் 1725இலும் இரண்டு ஏடுகள் வைத்துக் கொடுத்தார். இரண்டாவது ஏடு உண்மையில் குடும்ப ஏடு. கணவர் கை, மனைவி கை, பிள்ளைகள் கை எல்லாம் அதில் இருக்கின்றன. அதில் ‘ஜி’ சுருதியில் அமைந்த ஒரு சிறிய மினுவெட் நடனம் பியானோ கற்கும் குழந்தைகள் அனைவரும் அறிந்தது. நெடுங்காலம் அதைப் பாக் எழுதியதென்றே நம்பினர். கிறிஸ்தியான் பெட்சோல்ட் என்ற வேறொருவர் எழுதியது என்பது 1970களில் தெளிவாயிற்று. பிடித்த பாட்டை யார் எழுதினால் என்ன என்று வீட்டு ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பாட்டு நோட்டுகளும் அப்படித்தான் நிரம்புகின்றன.

வீட்டில் சிரிப்புக்கும் குறைவில்லை. 1729 முதல் பாக் ஓர் இசைக் குழுவை நடத்தினார். சிம்மர்மன் என்பவரின் காப்பிக் கடையில் வாரந்தோறும் கச்சேரி. மூன்று நான்கு விசைக்கருவிகளைச் சேர்த்து வாசிக்க அவர் அமைத்த உருப்படிகள், மக்களோடு தாமும் அமர்ந்து வாசிப்பதற்கே எழுந்தவை என்று அறிஞர் கருதுவர். காப்பியை விட மறுக்கும் ஒரு மகளையும், அவளோடு மல்லாடும் தந்தையையும் பற்றி ஒரு நகைச்சுவை இசைப்படைப்பும் எழுதினார். காப்பியை விட்டால்தான் கலியாணம் என்கிறார் தந்தை. மகள் சரி என்கிறாள். ஆனால் காப்பி குடிக்க விடாத மாப்பிள்ளை வேண்டாம் என்று ஊரெங்கும் செய்தி பரப்பிவிடுகிறாள். கும்பகோணத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பள்ளியிலோ பூசல். 1734இல் எர்னெஸ்டி என்ற இளைஞர் தலைமையாசிரியரானார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. தொடக்கத்தில் நட்பாகவே இருந்தனர். அடுத்த ஆண்டு பாக்குக்குப் பிறந்த மகனுக்கு ஞானத்தந்தையாகவும் எர்னெஸ்டி நின்றார். 1736இல், பாடற்குழுவுக்கு மாணவத் தலைவனை அமர்த்தும் உரிமை யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. ஒருவர் அமர்த்தியவனை மற்றவர் நீக்கினார். தேவாலயத்தில் பாட நின்ற பிள்ளைகள் யாருக்குக் கீழ்ப்படிவது என்று விழித்தனர். வழக்கு நகரவை ஏறி, மன்னர் வரை போயிற்று. வயலின் பழகும் மாணவனைப் பார்த்து, கள்ளுக்கடையில் வாசிக்கப் போகிறாயா என்று எர்னெஸ்டி ஏளனம் செய்ததாகப் பிற்கால வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அந்த ஏளனத்தை நான் ஏற்கவில்லை. ஆயினும் தலைமையாசிரியனாக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: பள்ளியில் பாடமும் நடக்கவேண்டுமே என்ற அவருடைய கவலை பொய்யன்று. பாட்டுக் கச்சேரிக்குப் போன பிள்ளைகள் மறுநாள் கணக்கு வகுப்பில் உறங்குவதை நானும் பார்த்திருக்கிறேன்.

இவற்றைவிடப் பெரிய துன்பம் வேறு திசையிலிருந்து வந்தது. பெர்னார்ட் என்ற மகன், 1715இல் பிறந்தவன், தமையன்மாரைப் போலவே தந்தையிடம் பயின்றவன். தந்தை சொல்லி, முல்ஹவுசன் நகரில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. அங்கே கடன் பட்டான். தந்தை அடைத்தார். சாங்கர்ஹவுசனில் மற்றொரு வேலை தேடித் தந்தார். 1738இல் அங்கும் கடனை வைத்துவிட்டு, சொல்லாமல் மறைந்துபோனான். அவ்வூர்ப் பெரியவர் ஒருவருக்கு அவ்வாண்டு மே திங்களில் பாக் எழுதிய கடிதம் இருக்கிறது. மகன் எங்கிருக்கிறான் என்று தமக்குத் தெரியவில்லை என்கிறார். அன்பும் அறிவுரையும் இனிப் பயன்படா, பொறுமையோடு சிலுவையைச் சுமக்க வேண்டியதுதான், நெறிதவறிய மகனைக் கடவுளின் இரக்கத்துக்கே விட்டுவிடுகிறேன் என்கிறார். எத்தனையோ பெற்றோர் என் மேசைக்கு எதிரே அமர்ந்து இதே சொற்களைச் சொல்லியிருக்கிறார்கள். பெர்னார்ட் யேனா நகரில் சட்டம் பயிலச் சேர்ந்தான். 1739 மே திங்களில் காய்ச்சலில் இறந்தான். வயது இருபத்து நான்கு.

ஒரே வீடு, ஒரே ஆசான், ஒரே ஏடு. எமானுவேல் பெர்லினில் அரசவைக் கலைஞராகிப் புகழ் பெற்றார். பெர்னார்ட் இப்படியானான். கொட்பிரீட் ஐன்ரிக் என்ற இன்னொரு மகன் மனவளர்ச்சி குன்றியவர். ஆனால் விசைக்கருவியை உள்ளம் உருக வாசிப்பார். அவருக்கும் அந்த வீட்டில் இடமிருந்தது.

பாக் கண்ணொளி மங்கி, இருமுறை அறுவை செய்துகொண்டு, 1750 சூலை 28ஆம் நாள் மறைந்தார். வீடு பள்ளிக்குரியது, ஆகவே குடும்பம் வெளியேறவேண்டியதாயிற்று. ஏடுகளைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டனர். அன்னா மக்டலேனா 1760இல், நகரம் அளித்த உதவித்தொகையில் வாழ்ந்தவராக இறந்தார்.

கடைசி மகள் ரெகினா சுசன்னாவுக்குத் தந்தை மறைந்தபோது எட்டு வயது. 1800ஆம் ஆண்டில் அந்த அம்மையார் லைப்சிக்கில் வறுமையில் இருப்பதாக ஓர் இசை இதழில் செய்தி வந்தது. உதவி கேட்டு அதை எழுதியவர், பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை என்று கூறினார். பலர் பணம் அனுப்பினர். வியன்னாவிலிருந்து பீத்தோவன், தம் படைப்பு ஒன்றை அச்சிட்டு அதன் வருவாயை அவருக்குக் கொடுக்கலாம் என்று தெரிவித்தார். அவ்வம்மையார் 1809 வரை வாழ்ந்திருந்தார்.