கேனுக்குச் சட்டம், குழாய்க்குப் பரிந்துரை



தெருக்கோடிக் குழாயில் குடிநீர்த் தொட்டி ஊழியர் சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விடுகிறார். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் கடைசி வீடுவரை வந்து சேர்ந்திருக்கிறது. வராவிட்டால் தொட்டியில் போட்ட பிளீச்சிங் பவுடர் போதவில்லை; அல்லது வழியில் கலந்த அழுக்கு அதைத் தின்றுவிட்டது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். பல ஊர்களில் குடிநீர்ச் சோதனை என்றாலே நெடுங்காலம் இந்த மஞ்சள்தான்.

இன்று பட்டியல் நீண்டுவிட்டது. 1983-இல் வந்த ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம் 1991-லும் 2012-லும் திருத்தப்பட்டது. ஈயமும் ஆர்செனிக்கும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை கிருமி அறவே தென்படக் கூடாது. ஃபுளோரைடு 1 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லாத ஊரில் 1.5 வரை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். ஃபுளோரைடு மிகுந்த தண்ணீருக்கு நிறமில்லை, வாடையில்லை. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறிய பிறகுதான் தெரியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பையும் முடக்கும். அந்த மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நாக்குக்குத் தெரியாததை ஆய்வகம்தான் சொல்ல முடியும். விதிகள் பெருகுவது நியாயமே.

அந்த விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதில்தான் அநியாயம்.

பாட்டில், கேன் தண்ணீருக்கு 2001 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயம் நீங்கியது. அடுத்த சில வாரங்களிலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் தணிக்கை என்றது. விதி மாறினாலும் கேனுக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. ஊராட்சிக் குழாய்க்கோ மாநகராட்சிக் குழாய்க்கோ 10500 வெறும் பரிந்துரைதான். மீறினால் தண்டனை இல்லை. கேன் வாங்க வசதியில்லாத வீட்டுக்குச் சட்டத்தின் காவலும் இல்லை என்றால் எப்படிப் பொறுப்பது?

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி தருகிறார்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில், தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர்த் தொட்டியின் ஆய்வறிக்கையை அந்தச் சபையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஃபுளோரைடு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.